ரத்தப் பை முந்த வேண்டும்: விபத்தில் ரத்தம் இழப்பவரைக் காப்பாற்றும் வழிமுறை

இரவு எட்டே முக்காலுக்கு ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கிய அந்தப் பையனுக்கு 26 வயது. வலது தொடையில் ஆழமான வெட்டு. யாரோ ஒரு நல்ல மனிதர் காயத்துக்கு மேலே துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தார். அந்த முடிச்சுக்குள் என் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. அப்படித் தளர்வாகக் கட்டினால் இதயத்துக்குத் திரும்பும் சிரை ரத்தம் மட்டும் தடைபடும். தமனி வழியே ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும், காயம் முன்னைவிட அதிகமாகக் கொட்டும். இரண்டு கைகளிலும் சலைன் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. காயத்திலிருந்து வழிந்தது மாதுளைச் சாறுபோல் நீர்த்துப்போயிருந்தது.

அதன்பிறகு நாங்கள் செய்ததெல்லாம் முறைப்படிதான். மாதிரி எடுத்தோம், படிவம் எழுதினோம், ஒருவர் ரத்த வங்கிக்கு நடந்தார். அங்கே, எடுக்கும் ரத்தத்துக்கு ஈடாக ரத்தம் கொடுக்கப்போகும் மாற்றுக் கொடையாளர் யார் என்று கேட்டார்கள். உறவினர்கள் இன்னும் வழியில் இருந்தார்கள். வகை பார்த்து, பொருத்தம் பார்த்து, முதல் பை கம்பியில் தொங்கியபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. பத்தரைக்கு அவன் இறந்துவிட்டான். அன்று அந்த வார்டில் சும்மா நின்றவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஒருவர் வேலை முடிந்த பிறகுதான் அடுத்தவர் வேலை தொடங்கியது. ஒரு மணி நேரம் அந்த இடைவெளிகளில் கரைந்தது.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியராக 17 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ரத்தம் இழப்பவர் வாசலுக்கு வரும் முன்பே அவருக்கான ரத்தப் பை வார்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பதை அந்தப் பையனிடமிருந்துதான் கற்றேன். சாலையில் நிற்பவர், ஆம்புலன்ஸில் இருப்பவர், வார்டில் இருப்பவர், ரத்த வங்கியில் இருப்பவர் ஆகிய நால்வரும் என்ன செய்தால் அது நடக்கும் என்று எழுதுகிறேன்.

சாலையோரத்தில்

60 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் ஏறத்தாழ 4 லிட்டர் ரத்தம்தான் இருக்கிறது. தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். எந்த ஆம்புலன்ஸும் அதற்குள் வராது. ஆகவே முதல் சிகிச்சையாளர் அங்கே நிற்கும் நீங்கள்தான்.

அழுத்துங்கள். காயத்தின் மேல் துணியை வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால், முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது. ரத்தம் நின்றதா என்று துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தூக்கும்போது உறையத் தொடங்கிய ரத்தமும் துணியோடு வந்துவிடும். துணி நனைந்துவிட்டதே என்று மேலே மேலே அடுக்குவதும் பயன் தராது. அடுக்கு தடிக்கத் தடிக்க அழுத்தம் காயத்துக்குப் போய்ச் சேராது. அடுக்கிய துணியின் நடுவே ரத்தம் தேங்குகிறது என்றால் நீங்கள் அழுத்தும் இடம் தவறு என்று பொருள். காயத்தின் உள்ளே எந்தப் புள்ளியிலிருந்து ரத்தம் வருகிறதோ அங்கே அழுத்த வேண்டும்.

தொடை இடுக்கிலோ அக்குளிலோ ஆழமான காயம் என்றால் மேலே அழுத்துவது போதாது. சுத்தமான துணியை நாடாபோல் விரலால் காயத்துக்குள் திணித்துக்கொண்டே போய், குழி நிறைந்ததும் மேலிருந்து அழுத்துங்கள். கேட்கவே கொடூரமாக இருக்கும். கிருமித் தொற்றுக்கான மருந்தைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். மார்பிலும் வயிற்றிலும் உள்ள காயங்களில் மட்டும் இப்படித் திணிக்கக் கூடாது.

காபித்தூள், மஞ்சள்தூள், சேறு எதுவும் வேண்டாம். சோடா வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தாகம் என்று கெஞ்சுவார்கள், கேட்கும்போது நமக்கே மனம் தாங்காது. அவருக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகக்கூடும். உதட்டை மட்டும் நனைத்துவிடுங்கள்.

கை அல்லது கால் துண்டாகியிருந்தாலோ, அழுத்தியும் ரத்தம் பீறிட்டாலோ டூர்னிகே என்கிற இறுக்குக்கட்டு போட வேண்டும். மூன்று விரல் அகலமுள்ள துணி வேண்டும். கம்பி, கயிறு, செருப்பு வார் கூடாது, அவை சதையை அறுக்கும். காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல் சுற்றி ஒரு முடிச்சுப் போடுங்கள். அதன்மேல் ஒரு ஸ்பேனரையோ உறுதியான குச்சியையோ வைத்து இன்னொரு முடிச்சு. இனி அந்த ஸ்பேனரைத் திருகுங்கள். ரத்தம் நிற்கும் வரை திருகிவிட்டு, அது பின்னோக்கிச் சுழலாமல் கட்டிவிடுங்கள். வெறும் முடிச்சால் எவ்வளவு பலசாலியாலும் தொடைத் தமனியை நிறுத்த முடியாது. அந்தப் பையனின் துண்டில் இல்லாமல் போனது இந்த ஒரு குச்சிதான். சரியாகப் போட்ட கட்டு கடுமையாக வலிக்கும். அவர் அலறுகிறார் என்று தளர்த்தாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும் என்று பழைய முதலுதவிப் புத்தகங்களில் இருந்ததை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு முறை தளர்த்தும்போதும் ஒரு குவளை ரத்தம் போகும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குப் போய்விட்டால் பெரும்பாலும் கால் பிழைத்துக்கொள்ளும்.

108க்குச் சொல்லும்போது கிலோமீட்டர் கல் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் முதலில் சொல்லுங்கள். நான்கு வழிச் சாலையில் எதிர்ப்பக்கம் வந்துவிட்ட ஆம்புலன்ஸ் திரும்பி வருவதற்கு அடுத்த திருப்பம் வரை போக வேண்டும். "ரத்தம் நிற்கவில்லை" என்ற சொற்களை அப்படியே சொல்லுங்கள்.

போலீஸ், கோர்ட்டு என்று பயந்து விலகி நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி.

ஆம்புலன்ஸுக்குள்

மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி சொல்லும்போது நான் விரலை மடக்கி எண்ணச் சொல்வேன். ரத்தம் தேங்கும் இடம் தரையில் ஒன்று, உடலுக்குள் நான்கு: மார்பு, வயிறு, இடுப்புக்கூடு, தொடை. தரையில் ரத்தம் இல்லை என்பதால் ரத்தப்போக்கு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவரின் இடுப்புக்கூடு உடைந்திருந்தால், வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் பாதி ரத்தம் உள்ளே போய்விடலாம். உடைந்திருக்கிறதா என்று இடுப்பை அசைத்துப் பார்க்காதீர்கள், அசைவே ரத்தப்போக்கைக் கூட்டும். சந்தேகம் வந்தாலே கட்டிவிடுங்கள். இடுப்புப் பட்டை இல்லையென்றால் ஒரு போர்வையோ வேட்டியோ போதும். ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, முழங்காலுக்கு அடியில் இருக்கும் இடைவெளி வழியே நுழைத்து, மெல்ல மேலே நகர்த்துங்கள். பேண்ட் பாக்கெட்டில் கை விட்டால் மணிக்கட்டு எங்கே இருக்குமோ அந்த மட்டத்தில், தொடை எலும்பு பக்கவாட்டில் துருத்தும் இடத்தில் கட்ட வேண்டும். பெல்ட் போடும் உயரத்தில் கட்டினால் பயனில்லை. முழங்கால்களையும் சேர்த்துக் கட்டுங்கள்.

நாடியைப் பாருங்கள். இளைஞர்களின் உடல் கடைசி வரை ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், பிறகு ஒரேயடியாகச் சரியும். அழுத்தம் 100 இருக்கிறது என்று நிம்மதி அடையாமல் நாடித் துடிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துடிப்பின் எண்ணிக்கை மேல் அழுத்தத்தின் எண்ணை, அதாவது ரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களில் பெரியதை, எட்டிவிட்டாலே அவர் ஆபத்தில் இருக்கிறார்.

சலைனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தலைமுறைக்கு இதைத் தலைகீழாகத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அழுத்தம் குறைந்தால் இரண்டு கையிலும் ஊசி போட்டு இரண்டு லிட்டர் ஏற்று என்பார்கள். உப்புநீர் ஆக்சிஜனைச் சுமக்காது, ரத்தத்தை உறையவும் வைக்காது. மிச்சமிருக்கும் உறைபொருட்களை நீர்த்துப்போகச் செய்யும், உடலைக் குளிர்விக்கும், அழுத்தத்தை ஏற்றி அப்போதுதான் பிடித்த உறைவைப் பிய்த்துத் தள்ளும். மணிக்கட்டில் நாடி தெரிந்து, அவர் பேசிக்கொண்டும் இருந்தால் சலைன் தேவையில்லை. நாடி தெரியாமல் போனால் 250 மில்லி கொடுத்து மறுபடி பாருங்கள். மேல் அழுத்தம் 80–90 இருந்தால் போதும். தலைக்காயம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அடிபட்ட மூளைக்குக் குறைந்த அழுத்தம் கேடு. அவர்களுக்கு 110க்குக் கீழே விடக் கூடாது.

ரத்த உறைவு கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை மலிவான மருந்து நம் எல்லா மருத்துவமனைகளிலும் பிரசவ வார்டிலாவது இருக்கும். 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் நடந்தது. இந்த மருந்து பெறாதவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், பெற்றவர்களில் 14.5 சதவீதம். அதைவிட முக்கியமானது நேரம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம். மூன்று மணி நேரம் கடந்து தொடங்கினால் ரத்தப்போக்கால் இறப்பவர் எண்ணிக்கை கூடியது. கட்டுப்பாட்டு அறை மருத்துவரின் ஒப்புதலோடு 1 கிராமை, அதாவது 500 மில்லிகிராம் ஆம்பூல் இரண்டை, 100 மில்லி சலைனில் கலந்து பத்து நிமிடத்தில் ஏற்றுங்கள். வேகமாகத் தள்ளினால் அழுத்தம் விழும். கொடுத்த நேரத்தை எழுதுங்கள். அடுத்த 1 கிராமை எட்டு மணி நேரத்தில் ஏற்றுவது வார்டின் வேலை.

ஏசியை அணைத்துவிடுங்கள். மே மாத வெயிலில் இதைச் சொன்னால் பைலட், அதாவது ஆம்புலன்ஸ் ஓட்டுநர், நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். ரத்தம் இழந்தவரின் உடல் சூட்டை உண்டாக்க முடியாமல் தவிக்கிறது. சூடு குறைந்தால் ரத்தம் உறையாது. நனைந்த உடையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, ஈரமில்லாத போர்வையால் மூடுங்கள். சித்திரையில்கூடப் பல் கிட்டிக்கப் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்குள் முடித்து வண்டி நகர்ந்துவிட வேண்டும். ஊசி போடுவதை ஓடும் வண்டியிலும் செய்யலாம்.

அந்த ஒரு போன்

வண்டி நகர்ந்ததும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக உயிர்களைக் காப்பாற்றியது இந்த அரை நிமிடப் பேச்சுதான்.

"சிஸ்டர், ஒரு விபத்துக் கேஸ் வருகிறது, கொஞ்சம் சீரியஸ்" என்ற போனால் எனக்கு எதுவும் செய்ய முடியாது. எல்லாக் கேஸும் கொஞ்சம் சீரியஸ்தான். இப்படிச் சொன்ன ஓர் உதவியாளரை நான் என்றும் மறக்க மாட்டேன் (சிவப்பு என்றால் உயிராபத்து நிலை): "சிவப்பு. பெண், முப்பது வயது இருக்கும். லாரி இடித்திருக்கிறது. நாடி 134, அழுத்தம் 78. இடுப்பு கட்டியிருக்கிறேன். டிரானெக்சாமிக் 7:40க்குத் தொடங்கினேன். பதினெட்டு நிமிடத்தில் வருவோம். ரத்தம் எடுத்து வையுங்கள் சிஸ்டர்." கடைசி வாக்கியம் வந்ததும் நான் போனைக் கீழே வைக்கவில்லை. அதே போனில் ரத்த வங்கியைக் கூப்பிட்டேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எப்போது சொல்லலாம் என்று உதவியாளர்கள் தயங்குகிறார்கள். தப்பாகிவிட்டால் டாக்டர் திட்டுவாரோ என்ற பயம். நாங்கள் ஒரு எளிய விதி வைத்திருக்கிறோம். நாடி 120க்கு மேல், மேல் அழுத்தம் 90க்குக் கீழ், கத்திக்குத்து போன்ற ஊடுருவிய காயம், இறுக்குக்கட்டு போட வேண்டிய நிலை: இவற்றில் இரண்டு இருந்தால் ரத்தம் கேட்கலாம். பத்து முறை கேட்டதில் மூன்று முறை தேவைப்படாமல் பை திரும்பிப் போனால் அதில் ஒரு குற்றமும் இல்லை. குளிர்ச்சி கெடாமல் வைத்திருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

வார்டும் ரத்த வங்கியும்

முழுப் பொருத்தப் பரிசோதனை முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதுவரை காத்திருக்க முடியாதவருக்குப் பொருத்தம் பார்க்காத ஓ வகைச் சிவப்பணுக்களைக் கொடுக்கலாம். ஆண்களுக்கும் ஐம்பதைக் கடந்த பெண்களுக்கும் ஓ பாசிட்டிவ் போதும். சிறுமிகளுக்கும் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் ஓ நெகட்டிவ் வேண்டும். பாசிட்டிவ் ரத்தம் போனால் பின்னாளில் கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகலாம். நெகட்டிவ் அறவே கிடைக்காமல் அவர் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தால் மருத்துவர் பாசிட்டிவுக்கு ஒப்புதல் தருவார். உயிரோடு இருந்தால்தானே பின்னாள்.

அவசர ஒப்புதல் படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அந்தப் படிவத்தை நோயாளி வந்த பிறகு தேடக் கூடாது. எங்கள் வார்டில் பத்துப் படிவங்கள் ஒரு கிளிப் அட்டையில் போன் பக்கத்தில் தொங்குகின்றன, நூலில் கட்டிய பேனாவோடு. மாற்றுக் கொடையாளர் கேள்வியை மறுநாள் காலை வரை யாரும் கேட்கக் கூடாது என்று ரத்த வங்கியோடு பேசி முடிவு செய்துகொண்டோம். அதற்கு ஒன்றரை மணி நேரக் கூட்டம் ஒன்று தேவைப்பட்டது. அந்தப் பையனைப் பற்றி நான் அங்கே பேசினேன். பிறகு யாரும் மறுக்கவில்லை.

ஓ ரத்தம் ஏற்றும் முன் நோயாளியின் சொந்த மாதிரியை எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் வகை குழம்பும். குழாயில் பெயரைக் கட்டிலருகிலேயே எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்த இரவில் மேஜைக்குக் கொண்டுபோய் எழுதுவது மிக ஆபத்தானது. பெயர் தெரியாதவருக்கு ஓர் எண் கொடுத்து மணிக்கட்டில் கட்டுங்கள். அவர் வார்டை விட்டுப் போகும்வரை அந்த எண் மாறக் கூடாது.

பை குளிர்பெட்டியில் வர வேண்டும். ஐஸ் நேரடியாகப் பையைத் தொடக் கூடாது, தொட்டால் அணுக்கள் உடையும். குளிரை விட்டு 30 நிமிடம் கடந்த பை திரும்பிப் போகாது. ரத்தத்தைச் சூடாக்க அதற்கான கருவி மட்டுமே. வெந்நீர் வாளியில் பையை மிதக்கவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், கை நடுங்கும் எனக்கு. வெந்துபோன அணுக்கள் சிறுநீரகத்தை அடைக்கும். கருவி இல்லையென்றால் நோயாளியைப் போர்வையால் மூடிவிட்டுக் குளிர்ந்த பையையே ஏற்றுங்கள்.

சிவப்பணு மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ரத்தம் உறையாது. பிளாஸ்மாவும் தட்டணுக்களும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடவே போக வேண்டும். உறைந்த பிளாஸ்மா உருக 20 முதல் 30 நிமிடம் ஆகும். முதல் போன் வந்ததுமே உருக்கத் தொடங்கச் சொல்வது இதனால்தான். ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்த்திருக்கும் சிட்ரேட் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குறைந்தால் உறைவும் நிற்கும், இதயமும் தளரும். முதல் இரண்டு பைகளுக்குள் கால்சியம் கொடுக்க வேண்டும் என்று மருத்துவருக்கு நினைவூட்டுவது செவிலியர் கடமை. ரத்தம் ஓடும் அதே குழாயில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், குழாயிலேயே உறைந்துவிடும்.

உங்கள் மருத்துவமனையில் அறுவை அரங்கு இல்லையா? எக்ஸ்ரே, ஸ்கேன் என்று பிடித்து வைக்காதீர்கள். ரத்தப்போக்கை அழுத்தியோ கட்டியோ நிறுத்திவிட்டு, உங்கள் ரத்தச் சேமிப்பு மையத்தில் இருக்கும் பையை ஏற்றியபடியே அனுப்புங்கள். அடுத்த மருத்துவமனைக்கு நீங்களே போன் செய்யுங்கள். நோயாளியோடு போகும் தாளில் முதலில் தெரிய வேண்டியவை இறுக்குக்கட்டு போட்ட நேரமும் டிரானெக்சாமிக் கொடுத்த நேரமும்.

ஆம்புலன்ஸிலேயே ரத்தம் இருந்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். லண்டன் ஏர் ஆம்புலன்ஸ் 2012 முதல் ரத்தம் எடுத்துச் செல்கிறது. அமெரிக்காவில் ஹெலிகாப்டரில் பிளாஸ்மா கொடுத்த ஆய்வில், 2018இல், 30 நாள் இறப்பு 33 சதவீதத்திலிருந்து 23க்கு இறங்கியது. 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் சலைனைவிட ரத்தமும் பிளாஸ்மாவும் மேல் என்று நிரூபணமாகவில்லை. பயண தூரமும் ஆட்களும் வேறு வேறு. எனக்கும் ஆசைதான். ஆனால் குளிர்பெட்டியையும் அதற்கான ஆளையும் தேடும் முன், வார்டுக்கும் ரத்த வங்கிக்கும் இடையே கிடக்கும் நாற்பது நிமிடத்தை மீட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்குப் பணம் தேவையில்லை.

கொடையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விபத்துச் செய்தி கேட்டு ஓடிவந்து நீங்கள் கொடுக்கும் ரத்தம் பரிசோதனை முடிந்துதான் போகும், அன்றிரவு அவருக்கு அது உதவாது. அவரைக் காப்பாற்றுவது போன வாரம் யாரோ கொடுத்தது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஓ வகைக்காரர்கள் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கடைசியாக, ஒத்திகை. மாதம் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு பொய்ப் போன் செய்து, பை கம்பிக்கு வரும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் 41 நிமிடம் ஆனது. பெட்டியோடு ஓடிய உதவியாளர் மாடிப்படிக் கதவு பூட்டியிருந்ததால் கட்டடத்தையே சுற்றி வந்திருந்தார். பகலில் திறந்தே இருக்கும் கதவு என்பதால் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அந்தச் சாவி இப்போது படிவ அட்டைக்குப் பக்கத்தில், அதே ஆணியில் தொங்குகிறது.